பித்தப்பை இல்லாமல் ஒரு கல்யாணச் சமையல்

கல்யாணச் சமையல்காரனுக்கு ஊரில் உள்ள அத்தனை பேர் வயிற்றைப் பற்றியும் தெரியும், தன் வயிற்றைத் தவிர. எங்களுக்குச் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கிடையாது. பந்தி எல்லாம் முடிந்து, பாத்திரங்களைக் கழுவப் போட்ட பிறகு, மிஞ்சிய அவியலையும் அடிப்பிடித்த பிரதமன் பாயசத்தையும் சோற்றோடு சேர்த்துத் தள்ளுவோம். வருஷக்கணக்காக இப்படித் தள்ளினால் பித்தப்பையில் கல் சேராமல் பிச்சிப்பூவா பூக்கும்? இதை வாசிக்கிறவர்களில் அந்தப் பையைப் பறிகொடுத்தவர்கள் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், வலது விலாவுக்குக் கீழே வலி பிடிக்காத வரைக்கும்.

டாக்டரின் சந்தேகம்

2012 வாக்கில் நடந்தது. ஆடி மாதம் பிறந்திருந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, எங்களுக்கு ஓய்வு. நோய்கூட என் தொழிலை மதித்து, வேலையில்லாத மாதமாகப் பார்த்து வந்தது. ஒரு சாவு வீட்டில் பதினாறாம் நாள் அடியந்திரத்துக்குச் சமைத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தவன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் உருண்டேன். என் பெண்டாட்டி பகவதி ஆட்டோ பிடித்து நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஸ்கேன் எடுத்தார்கள். பை நிறையக் கல்.

வயிற்றைக் கிழிக்க வேண்டாம், நாலு துளை போட்டுக் குழாய் விட்டே பையை எடுத்துவிடலாம், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். எனக்கு அதில் பயமில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்தில் தோவாளைப் பூ வியாபாரி தாணுலிங்கத்தின் மகள் கல்யாணம், சமையல் என்னுடையது. அதற்குள் எழுந்துவிடுவேனா என்பதுதான் என் கவலை. டாக்டர் அதைக் காதில் வாங்காமல், தினமும் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். காலையில் தேங்காய்ச் சட்னி, மத்தியானம் தேங்காய் அரைத்த தீயல், தேங்காய் துருவிப் போட்ட துவரன், தேங்காய் எண்ணெயில் வறுத்த ஏத்த வாழைக்காய் உப்பேரி என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ராத்திரிக்கு வருவதற்குள் கையைக் காட்டி நிறுத்தி, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார்.

"அப்ப கல்லு எப்படி வந்துன்னு நான் மண்டையப் போட்டு ஒடைக்க வேண்டாம்."

தோளில் ஏறிய வலி

மயக்கம் தெளிந்ததும் வயிற்றைத் தடவிப் பார்த்தேன். வலி அங்கே அவ்வளவாக இல்லை. வலது தோள்தான் கழன்று விழுவதுபோல வலித்தது. பக்கத்துக் கட்டிலில் தோள் எலும்பு முறிந்த ஒருவர் வேறு படுத்திருந்தார். ஆளை மாற்றி அறுத்துவிட்டார்கள் என்றே முடிவுகட்டிவிட்டேன். பகவதியை அழைத்து அந்த ஆளின் வயிற்றில் பிளாஸ்டர் இருக்கிறதா என்று பார்த்து வரச் சொன்னேன். அவள் மாட்டேன் என்றுவிட்டாள்.

கடற்கரைப் பக்கத்து நர்சு ஒருத்தி வந்து விளக்கினாள். துளை வழியாக வேலை செய்ய இடம் வேண்டுமே, அதற்காக வயிற்றில் காற்றை அடித்து உப்ப வைப்பார்களாம். மிச்சக் காற்று மேலே ஏறித் தோளை இடிக்கிறதாம். நடந்தால் போய்விடும் என்று என்னைக் கையைப் பிடித்து வராந்தாவில் நடக்கவிட்டாள். அதோடு விட்டாளா? வேளைக்கு வேளை வந்து, கீழ்க் காற்று பிரிந்ததா என்று வார்டே கேட்கக் கேட்பாள். நான் ஜாடை காட்டுவேன். அவளுக்கு ஜாடை புரியாது.

அப்படி அவள் கேட்ட ஒரு வேளையில்தான் தாணுலிங்கம் ஆரஞ்சுப் பழப் பையோடு வாசலில் வந்து நின்றார். என் சாப்பாட்டை நம்பி மகள் கல்யாணத்தை வைத்திருக்கும் மனிதர். அவர் முன்னால் நான் என்னத்தைச் சொல்ல? கண்ணை மூடிக்கொண்டு, பிரிந்துவிட்டது என்றேன். தாணுலிங்கம் பழத்தைப் பகவதியிடம் கொடுத்துவிட்டு, நிஜமான நிம்மதியோடு என் காலைத் தொட்டார்.

"நல்ல சேதி அண்ணாச்சி. வீட்டுல எல்லாரும் கவலையா இருக்காவ, இப்பமே போனப் போட்டுச் சொல்லிருதேன்."

பார்க்க வந்தவர்கள்

வீட்டுக்கு வரும்போது என் கற்களை ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பகவதி அதை டிவி மேல் வைத்திருந்தாள். பார்க்க வருகிறவர்கள் பிரெட்டையும் ஹார்லிக்ஸையும் ஸ்டூலில் வைத்துவிட்டு நேரே டப்பாவைத்தான் எடுப்பார்கள். எனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பது அதற்குப் பிறகுதான்.

என் உதவியாள் செல்லப்பன் தினமும் வந்தான். என் வயசுக்காரன், இளவட்டம் முதல் என்னோடு அடுப்படியில் நிற்கிறவன். வாயில் எந்நேரமும் வெற்றிலையும் புகையிலையும் அதக்கி அதக்கி அவன் நாக்கு செத்துப்போய் வெகுகாலம் ஆகிறது. உப்பும் புளியும் அவனுக்கு ஒன்றுதான். ஆனால் கண் கூர்மை. டப்பாவை வெயிலில் தூக்கிப் பார்த்து, கடலைப்பருப்புத் தரம், பிரதமனுக்கு ஆகும் என்று தீர்ப்புச் சொன்னான்.

எல்லோருக்கும் காயத்தையும் பார்க்க வேண்டும். சட்டையைத் தூக்கினால் தொப்புளில் ஒரு சின்ன பிளாஸ்டர், மேலே ஒன்று, ஓரத்தில் இரண்டு. அவ்வளவுதான். வந்தவர்கள் முகம் வாடிவிடும். பஸ் ஏறி, பழம் வாங்கி, இதற்கா வந்தோம் என்று இருக்கும் போல. மார்த்தாண்டத்திலிருந்து வந்த என் சித்தப்பா, பழைய காலத்தில் குடல்வால் ஆபரேஷன் செய்தவர். வேட்டியைத் தளர்த்தி, சாலை போட்டதுபோல நீளமாக ஒரு தழும்பைக் காட்டி, கூடியிருந்தவர்களின் மரியாதையை எல்லாம் அள்ளிக்கொண்டார். என் வயிற்றை ஒரு விரலால் லேசாகத் தொட்டும் பார்த்தார்.

"இதெல்லாம் ஒரு ஆபரேஷனா மக்கா? கொசு கடிச்ச மாரில்லா இருக்கு."

கஞ்சிக் காலம்

ஊருக்கெல்லாம் பொங்கிப் போட்டவன் தன் வீட்டில் உட்கார்ந்து கஞ்சி குடித்தால் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். எண்ணெய் கூடாது, நெய் கூடாது, தேங்காய் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொன்னதைப் பகவதி வேதமாகப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் என்றதை அவள் ஒன்றுமே வேண்டாம் என்று ஆக்கிவிட்டாள். குழைந்த கஞ்சி, வேகவைத்த பயறு, பேருக்கு உப்பு. ஒரு துவையல் கேட்டேன். கெஞ்சினேன். கோபப்பட்டும் பார்த்தேன். அவள் அசையவில்லை.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டில் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சிக் கடுகு போட்டார்கள். அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் எனக்குக் குமட்டியது. எழுந்து பின்பக்கம் ஓடினேன். அந்த வாசனையில் பிறந்து, அதிலேயே பிழைத்தவன் நான். எண்ணெய் ஆகாதவன் எந்த அடுப்பின் முன்னால் போய் நிற்பான்? உண்மையிலேயே பயந்துபோனேன். தொழில் போய்விட்டது என்றே நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பகவதி பின்னாலேயே வந்து முதுகைத் தடவிவிட்டாள். ஒளித்துவைத்து எதையாவது தின்றேனோ என்றுதான் அவளுக்குச் சந்தேகம்.

"சத்தியமாச் சொல்லுங்க, உப்பேரி டின்னுல கைய விட்டீங்களா?"

நாற்காலி

ஆடி முடியப் போகும்போது தாணுலிங்கம் மறுபடி வந்தார். கூடவே அவர் மைத்துனர். மைத்துனர் நல்ல மனிதர்தான், ஆனால் கையில் ஒரு வர்ணத்தாள் வைத்திருந்தார். மார்த்தாண்டம் பக்கத்தில் புதிதாக ஒரு கேட்டரிங் கம்பெனி, பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் ஒரே நிறச் சட்டை, தலையில் தொப்பி, கையில் உறை. உடம்பு சரியில்லாதவரை எதற்குச் சிரமப்படுத்த வேண்டும் என்று அவர் மிகவும் பணிவாகச் சொன்னார். அந்தப் பணிவுதான் எனக்கு உறுத்தியது. தோவாளைக் கல்யாணம் ஒன்று கைமாறினால் அந்த ஆவணியில் மற்ற வீடுகளும் தொப்பிக்காரர்களைத் தேடிப் போகும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நான் வருகிறேன் என்றேன். கனம் தூக்கக் கூடாது என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார், வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லவில்லை என்றேன். எண்ணெய் வாசனை குமட்டியதை மட்டும் விழுங்கிவிட்டேன். தாணுலிங்கம் மைத்துனர் கையிலிருந்த தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஒரு நாற்காலி போட்டுத் தாரேன் அண்ணாச்சி. நீரு அதுல இருந்து உப்பு மட்டும் பாத்துச் சொல்லும், போதும்."

உள்ளங்கைச் சாம்பார்

கல்யாண மண்டபத்துச் சமையல்புரையில் விடிந்ததிலிருந்து நாற்காலியில் இருந்தேன். வயிற்றுக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டிய துவர்த்துத் துண்டு. வாசலுக்கு வெளியே, தூக்குப் போணியில் கஞ்சியோடு பகவதி காவல். என் சமையல்புரைக்குள் பெண்கள் வருவதில்லை என்பது நான் வைத்த சட்டம். இன்னொன்றும் உண்டு. உப்பு ஒரே நாக்குதான் பார்க்க வேண்டும், அது என் நாக்கு.

அவியலுக்குப் பச்சைத் தேங்காய் எண்ணெய் ஊற்றும் நேரம் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொள்ளலாமா என்று கையைத் தூக்கினேன். செல்லப்பன் ஊற்றிக் கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டான். வாசனை வந்தது. குமட்டவில்லை. பசித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

அதன் பிறகுதான் வேடிக்கை. செல்லப்பன் கரண்டியில் சாம்பாரைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் விட்டான். நக்கினேன். உப்பு கரித்தது. அவியல் அதைவிட. மோர்ப் புளிசேரி கடல் தண்ணீர். என்னடா செய்து வைத்திருக்கிறாய் என்று கத்த வாயெடுத்தேன், வயிறு இழுத்தது. செல்லப்பன் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு குனிந்து என் காதோடு சொன்னான்.

"அண்ணாச்சி, எல்லாத்துலயும் பாதி உப்புதான் போட்டுருக்கு. மீதியப் போடட்டா, வேண்டாமா?"

சட்டம் உடைந்தது

வெறுங்கஞ்சி குடித்துக் குடித்து என் நாக்கு பச்சைப் பிள்ளை நாக்காகிவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. மூக்கைப் பற்றியே பயந்துகொண்டிருந்தேன், நாக்கு காலை வாரிவிட்டது. என் பேச்சைக் கேட்டால் கல்யாண வீடு ஆஸ்பத்திரிச் சாப்பாடு சாப்பிடும். செல்லப்பன் நாக்கைக் கேட்டுப் பயனில்லை. வெளியே நாகஸ்வரம் கேட்டது. தாலிகட்டு முடிந்தால் முதல் பந்தி.

செல்லப்பன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கரண்டியோடு வாசலுக்குப் போய்ப் பகவதி கையில் சாம்பாரை விட்டான். அவள் என்னைப் பார்த்தாள். நான் மண்டபத்துக் கூரையைப் பார்த்தேன். வேறு என்ன செய்ய? உள்ளே வந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உருளி உருளியாக நின்று பார்த்தாள். சாம்பாருக்குக் காணாது, இன்னும் போடு என்றாள். அவியலுக்கு ஒரு கை. புளிசேரிக்குக் கொஞ்சம். அப்புறம் போதும் என்றாள். அண்ணாச்சி எப்போதும் இதற்கு மேலே ஒரு கை போடுவார் என்று செல்லப்பன் சொல்லிப் பார்த்தான். போதும் என்றால் போதும் என்றுவிட்டாள். போகிற போக்கில் தூக்குப் போணியை என் மடியில் வைத்துக் கஞ்சியைக் குடிக்கச் சொன்னாள்.

"ஊருக்கு உப்பு பாக்கதுன்னா என்னமோ பெரிய வித்தைன்னுல்லா இவ்வளவு காலமும் நெனச்சேன்."

கடைசிப் பந்தி

நாங்கள் பந்தியில் ஆட்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, எடுத்துவரும் இலைகளைத்தான் பார்ப்போம். நாற்காலியைப் பின்வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பந்தி இலையையும் எட்டி எட்டிப் பார்த்தேன். துடைத்ததுபோல வந்தன. அவியல் இருந்த மூலை எல்லா இலையிலும் காலி. மைத்துனர்கூடப் புளிசேரியை இரண்டாம் முறை கையில் வாங்கிக் குடித்ததாகப் பரிமாறிய பையன்கள் சொன்னார்கள். செல்லப்பன் புது வெற்றிலை போட்டுக்கொண்டான். பகவதி ஒன்றும் நடக்காததுபோலப் பாத்திரக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பந்தி எழுந்ததும் தாணுலிங்கம் வேர்வையோடு சமையல்புரைக்கு வந்தார். மகன் கல்யாணத்துக்கும் நான்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அத்தோடு போயிருக்கலாம். போகவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, ரகசியம் சொல்கிறவர்போல, ஆனால் பகவதிக்கும் நன்றாகக் கேட்கும்படி சொன்னார்.

"ஒண்ணு சொன்னா வருத்தப்படப்பிடாது அண்ணாச்சி. உம்ம சாப்பாட்டுல எப்பவும் உப்பு ஒரு பொடி தூக்கலாத்தான் நிக்கும், மரியாதைக்கு நாங்க யாரும் சொன்னதில்ல. இன்னைக்கு அது சரியாயிட்டு. நல்ல ஆபரேஷன்தான்."

டாக்டர் எடுத்தது என் பித்தப்பையை, தோவாளையில் எடுத்தது என் தலைக்கனத்தை, இரண்டாவதற்கு மட்டும் யாரும் மயக்க மருந்து கொடுக்கவில்லை.