மாமாவின் தொடைக் கம்பி

என் தாய்மாமாவின் வலது தொடைக்குள் ஒரு கம்பி இருந்தது. பைக்கில் போனவரை லாரி தட்டி எலும்பு முறிந்து, தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்து எலும்புக்குள்ளேயே நீளவாக்கில் இறக்கியிருந்தார்கள். அப்புறம் குத்தாலம் பக்கத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. மச்சானிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அம்மாவிடம்தான் சொல்வார். எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமாவின் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஆளை விட்டுவிட்டுக் கால் மட்டும் தனியாக வந்து நிற்பதுபோல் இருக்கும்.

புரட்டாசியில் ஒருநாள், குறுவை நெல்லைத் தார்ரோட்டில் காயப் போட்டிருந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆடு வாய் வைக்காமல் மாமாவும் நானும் காவல். கம்பை ஊன்றி எழுந்தவரின் தொடைக்குள் ‘டக்’கென்று ஒரு சத்தம். என் காதால் கேட்டேன். அவர் முகம் வெளுத்தது. தொடை தானாகவே துடித்தது. நான் முறைத்துப் பார்ப்பதைக் கண்டவர், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “வருது.”

“என்ன மாமா வருது?”

“மழை. தார்ப்பாய எடுத்துப் போடச் சொல்லு, ஓடு.”

அப்பா வானத்தைப் பார்த்துச் சிரித்தார். அம்மா நச்சரித்ததால்தான் மூடினார். ஒரு மணி நேரத்தில் கொட்டியது பாருங்கள்! ரோட்டில் எல்லார் நெல்லும் மிதந்தது, எங்களுடையதைத் தவிர. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

மறுநாள் காலை அப்பாவே காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். “மாப்ள, கால் என்ன சொல்லுது?”

அதிலிருந்து ஊரே வந்து கேட்டது. மாமா தொடைமேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவார். நெற்றியில் வியர்வை அரும்பும். நான் காதை வைத்துக் கேட்பேன். உள்ளே ஏதோ ஒன்றோடொன்று உரசும். பகலிலும் பயமாக இருக்கும், ஆனாலும் விடமாட்டேன். அவர் சொன்னால் மழை வந்தது, நம்பினால் நம்புங்கள். வராத அன்றைக்கு, “பக்கத்து ஊர்ல பெஞ்சிருக்கும்” என்று அப்பாவே சமாதானம் சொல்லிவிடுவார்.

இதற்கிடையில் மறுபடி எக்ஸ்ரே எடுக்க வரச்சொன்ன நாள் வந்தது. “போயிட்டு வந்துடுடா” என்றாள் அம்மா.

“போனா கம்பிய எடுத்துட்டாங்கன்னா? சம்பா அறுப்பு முடியட்டும்” என்றார் அப்பா.

“ஆமாக்கா, முடியட்டும்” என்றார் மாமாவும்.

மாசியில் அறுப்பு முடிந்தது. அதே வாரம் மாமா கட்டிலைவிட்டு எழ முடியாமல் போனார். எல்லாருமாகத் தஞ்சாவூர் போனோம். டாக்டர் புதுப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். கம்பி நடுவில் முறிந்து இரண்டு துண்டாகக் கிடந்தது.

“எலும்பு கூடவே இல்லையேங்க. கம்பியும் முறிஞ்சு பல மாசம் இருக்கும். இதோடயா நடந்தீங்க? எப்பெப்ப வலிக்கும்?”

மாமா யார் முகத்தையும் பார்க்கவில்லை. “தெனமும்தான் சார்.”

அம்மா தம்பியின் தோளில் மாறி மாறி அடித்து அழுதாள். “பாவி, சொல்லித் தொலைக்கக் கூடாதாடா? காலே போயிருக்குமேடா!” அப்பா வராந்தாவுக்குப் போய்விட்டார்.

எனக்கோ பொத்துக்கொண்டு வந்தது கோபம். தினமும் வலித்ததென்றால் மழை என்றது பொய்தானே? பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்திருந்தேனே! முறிந்த கம்பியை எடுத்து, இடுப்பிலிருந்து எலும்பு வெட்டி வைத்து, தடித்த கம்பி ஒன்றைப் போட்டார்கள். ஆபரேஷன் முடிந்து வந்தவரோடு ஒரு வாரம் நான் பேசவில்லை.

இந்தத் தடவை எலும்பு நன்றாகக் கூடியது. அடுத்த புரட்டாசியில் அப்பா மறுபடி டம்ளரோடு போய்க் கேட்டார். “கால் என்ன சொல்லுது மாப்ள?”

“ஒண்ணும் சொல்லல அத்தான். வலியே இல்ல.”

அப்பா டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினார். மறுநாள் காப்பியை அம்மா கொண்டுபோனாள். அந்த வாரமே மாமா திருப்பூருக்கு வேலை தேடிப் போவதாகப் பையைக் கட்டினார். கால் சரியாகிவிட்டதே என்ற சந்தோஷம் எனக்கு. பஸ் கிளம்பியபோது நான்தான் குதித்துக் குதித்துக் கை தட்டினேன்.