சவர்க்காரப் பெட்டி அம்பிளிஃபயரும் மச்சானின் நேர்முகத் தேர்வும்

ஜேர்மன்காரன் அலுமாரி அளவில் செய்யும் அம்பிளிஃபயரை நான் வீட்டிலேயே சவர்க்காரப் பெட்டிக்குள் அடக்கிவிட்டேன். ஒரேயொரு பற்றரி, சட்டைப் பைக்குள் போகும். படித்தவர்கள் ஓமின் விதி என்பார்கள். நான் சொன்னால் மின்சாரம் ஓம் சொல்லும், அதுதான் என் விதி.

இன்று டுசல்டோர்ஃபில் மச்சானுக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு. ட்ராமில் வோக்மனில் டொச் மொழிப் பாடக் கசெற் போட்டுப் பாடமாக்கிக்கொண்டிருந்தான்.

“அத்தான், இரைச்சலில ஒண்டும் கேக்குதில்லை.”

வோக்மனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் என் பெட்டியைக் கொழுவினேன்.

“வெடிக்காதோ?”

“டேய், உன்ர கலியாணத்துக்கு லைற் பூட்டினதே நான்தான்!”

“அண்டைக்குத்தானே மண்டபமே இருண்டது!”

சத்தத்தை முழுதாகத் திறந்துவிட்டேன். மச்சானுக்குக் கண் பிதுங்கியது. தன் குரலே கேட்காமல் ட்ராம் அதிரக் கத்தினான்: “இஷ் பின் இம்மர் ப்யூங்க்ட்லிஷ்!”

நான் எப்போதும் நேரந்தவறாதவன் என்று அர்த்தம்.

ஜேர்மன் கிழவி ஒருத்தி எழுந்து நின்று கைதட்டினாள். நான் அவளுக்குப் பெட்டியின் தொழில்நுட்பத்தை விளக்கிக்கொண்டிருக்க, மச்சான் கத்திக்கொண்டே இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தாண்டிவிட்டான்.

அரை மணி பிந்திப் போய், முதலாளியிடமும் அதே வசனத்தைத்தான் சொன்னானாம். உச்சரிப்பு அச்சொட்டாம். வேலைதான் இல்லையாம்.

“அத்தான், இந்தச் சனியனைக் கொண்டுபோய் றைன் ஆத்தில எறியுங்கோ!”

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இறங்கத் தெரியாதவன் அம்பிளிஃபயர் பிழை என்கிறான்.

உங்களில் யாருக்காவது நேர்முகத் தேர்வு இருந்தால் கூச்சப்படாமல் எழுதுங்கள். பற்றரி இன்னும் இறங்கவில்லை.