மோட்டார் கழற்றிய தேர்

1. ஒரு மணி நேரம்

"சார், அந்தத் தேர்ல இருக்கற மோட்டாரை எடுத்துட முடியுமா?"

பள்ளிக் கண்காட்சி திறக்க ஒரு மணி நேரம் இருந்தபோது எங்கள் தாளாளர் கேட்டது இது. சிறப்பு விருந்தினராக வரவிருந்தவர் ஊரில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர், பக்திமான். மோட்டாரில் ஓடும் தேர் என்று போனில் சொன்னதுமே அவர் குரல் மாறிவிட்டதாம்.

"தேருன்னா வடம் புடிச்சு இழுக்கணும், தானா ஓடினா அது பொம்மை காருன்றாரு. கயிறு கட்டிடுங்க. அவரே இழுத்து ஆரம்பிச்சு வெக்கட்டும். ஒரு மணி நேரத்துல முடியும்ல?"

"முடியும் சார்" என்றேன். என் பணி வாழ்க்கையில் நான் மிக அதிகமாகச் சொன்ன இரண்டு சொற்கள் அவை.

வேங்கிக்காலில் உள்ள அந்தத் தனியார் பள்ளியில் பதினோரு வருடம் பிளாஸ்டிக் கட்டைகளால் இயந்திர மாதிரிகள் செய்யக் கற்றுக்கொடுத்தேன். வாசல் பலகையில் 'ரோபோட்டிக்ஸ் லேப்' என்றிருக்கும். உள்ளே ரோபோ ஒன்றும் கிடையாது. கியர், ஆக்சில், பின், பீம், பல நிறக் கட்டைகள், நான். கிரேன் செய்வோம், போர்வெல் லாரி செய்வோம், அடுத்த வாரம் அதையே பிரித்து நெல் அறுக்கும் வண்டியாக மாற்றுவோம். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவன் லேத் முன்னால் நின்று இரும்பைச் சீவியிருக்க வேண்டும். நானோ நாற்பத்தெட்டு வயதில் நகத்தால் கட்டை பிரித்துக்கொண்டிருந்தேன். கல்யாண வீடுகளில் இதை விளக்குவது தனி வேதனை. என் சகலை ஒருமுறை பந்தியிலேயே கேட்டார்: "ஏன் சகல, இதைத்தானே எங்க வீட்டுப் பையன் சம்பளம் இல்லாம பண்றான்?"

அந்த வருடம் லேபை மூடிவிட்டு அதே அறையில் நுழைவுத் தேர்வுப் பயிற்சிக் கூடம் வைக்க நிர்வாகம் முடிவெடுத்திருந்தது. தாளாளர் எனக்கு ஒரே ஒரு வழி விட்டிருந்தார். "விருந்தினர் நம்ம டிரஸ்ட்ல சேரப்போறாரு. கண்காட்சியில உங்க ஐட்டத்தைப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், லேப் இருக்கட்டும்னு நானே பேசறேன்." அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தேர்.

2. முட்டுக்கட்டை

இரண்டு மாதம் கட்டினோம். என் இடுப்பு உயரம், ஐந்து நிலை. ஒரே நிறத்தில் போதுமான கட்டைகள் இல்லாததால் மூன்றாம் நிலை முழுக்கப் பச்சை. கேட்டவர்களிடம் வாழைமரம் கட்டியிருப்பதாகச் சொன்னேன். கட்டைகளில் பாதி ஒரிஜினல், பாதி டூப்ளிகேட். டூப்ளிகேட் கட்டை ஒன்று கடித்துக்கொண்டு விடாது, இல்லையென்றால் பிடிக்கவே பிடிக்காது. மெல்லிய தகட்டுக் கட்டைகளில் பதினோரு வருடமாக வந்துபோன பிள்ளைகளின் பல் தடம் இருந்தது. பல்லால் பிரிக்காதே என்று நான் எத்தனை முறை சொன்னேன் என்பதற்கும் அதுவே சாட்சி.

ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளைக் கூப்பிட வந்த ஏழுமலை ஒரு நாள் லேபுக்குள் எட்டிப் பார்த்தார். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். அண்ணாமலையார் கோயில் தீபத் தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர்களில் ஒருவர். மரத்தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. ஓடும் சக்கரத்தின் முன்னால் ஆப்பு போன்ற கட்டையைக் கொடுத்துத்தான் திருப்ப வேண்டும், நிறுத்த வேண்டும். நான் என் தேரை ஓட்டிக் காட்டினேன். ஒரு சின்ன மோட்டார் முன் சக்கரங்களைத் திருப்ப, தேர் மேசை ஓரத்தில் அழகாக வளைந்தது.

"முட்டுக்கட்டை எங்க சார்?"

"இதுக்கு வேணாங்க. தானா திரும்பும்."

"தானா திரும்பினா அப்புறம் நாங்க எதுக்கு சார் சக்கரத்துக்குக் கீழ கையை வுட்டுக்கினு கெடக்கறோம்?"

அன்றே ஸ்டியரிங்கைக் கழற்றி, முன் ஆக்சிலை நேராகப் பொருத்தினேன். சரிவுக் கட்டைகளைச் சேர்த்து நான்கு முட்டுக்கட்டைகள் செய்தேன். மறுநாள் அவர் வந்து ஒன்றைச் சக்கரத்துக்குக் கொடுத்துத் தேரைத் திருப்பிப் பார்த்தார். தேர் திரும்பியதும் சின்னப் பையன் மாதிரி சிரித்தார்.

"அந்த ஓட்டற மோட்டாரு மட்டும் எதுக்கு சார்?"

"அது இருக்கட்டும்ங்க. அதுவும் இல்லன்னா எனக்கு இங்க வேலையே இல்ல."

3. வயிற்றுக்குள் இருந்தது

தேர் ஆடி அசைந்து மெதுவாகப் போக வேண்டும் என்பதற்காக வார்ம் கியர் வைத்திருந்தேன். திருகாணி போல மரை உள்ள சின்ன உருளை. அது இருபத்துநான்கு சுற்று சுற்றினால் அதைத் தொட்டிருக்கும் பல்சக்கரம் ஒரு சுற்று சுற்றும். அதற்கு இன்னொரு குணமும் உண்டு. வார்ம், பல்சக்கரத்தைச் சுழற்றும்; பல்சக்கரத்தால் வார்மைச் சுழற்ற முடியாது. தாளாளர் அறையிலிருந்து ஸ்டாஃப் ரூமுக்கு உத்தரவு வரும், ஸ்டாஃப் ரூமிலிருந்து அங்கே ஒன்றும் போகாதல்லவா, அதே ஏற்பாடு. மோட்டாரைக் கழற்றினாலும் வார்ம் உள்ளே இருக்கும்வரை பின் சக்கரங்கள் பூட்டிய பூட்டு.

இதைப் பதினோரு வருடமாக எட்டாம் வகுப்புக்கு நடத்தியவன் நான்.

அன்று என்னை மோட்டாரை எடுக்கச் சொன்னார்கள், மோட்டாரை எடுத்தேன். தேரின் பின்புறம் நான்கு பிளாஸ்டிக் பின்களில் மாட்டியிருந்தது, இரண்டு நிமிட வேலை. வார்ம் கியர் ஐந்து நிலைகளுக்கு அடியில், தேரின் வயிற்றுக்குள் இருந்தது. அதன் ஞாபகமே எனக்கு வரவில்லை. மீதி நேரம் முழுவதும் கயிறு தேடினேன், முடிச்சுப் போட்டேன், வடம் மாதிரி இருக்கட்டும் என்று மஞ்சள்கூடத் தடவினேன். அதற்குள் பூச்சரம் சுற்றி, தேரைச் சிவப்புக் கம்பளத்தில் தூக்கி வைத்துவிட்டார்கள். சக்கரத்தை ஒருமுறை கையால் சுற்றியிருந்தால் தெரிந்திருக்கும். "இனிமே யாரும் தொடாதீங்க, அலங்காரம் கலையும்" என்றார் தாளாளர். நான் தொடவில்லை.

4. அரோகரா

விருந்தினர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று கூட்டம் குரல் கொடுக்க, இழுத்தார். தேர் நகரவில்லை.

"இன்னா சார், அசையமாட்டேங்குது?"

"கம்பளம் புடிக்குதுங்க ஐயா" என்றார் தாளாளர். "இன்னும் நாலு பேர் வாங்க, வடத்தைப் புடிங்க!"

நாலு பேர் என்றால் நம் ஊரில் பதினைந்து பேர். கூட்டத்தின் பின்னாலிருந்து ஏழுமலை கையை ஆட்டிக் கத்தினார்: "இழுக்காதீங்க! அடியில இன்னாவோ புடிச்சிக்கினு இருக்குது!" ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த நாதஸ்வரம் அவர் குரலை விழுங்கியது. ஆனால் அவர் வாயசைவே எனக்குப் போதுமானதாக இருந்தது. வார்ம் கியர் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

விருந்தினருக்கும் எனக்கும் இடையே நான்கடி தூரம். "நிறுத்துங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். ஒரு பெரிய மனிதரை, தாளாளர் பக்கத்தில் நிற்கும்போது, நிறுத்தச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன்.

அடுத்த அரோகராவில் அடிச்சட்டம் இரண்டாகப் பிரிந்தது. முன்பாதி கயிற்றோடு போனது. ஐந்து நிலைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்து, பிறகு கம்பளம் முழுக்கச் சிதறின. இழுத்தவர்கள் பின்னால் சாய்ந்து ஒருவர்மேல் ஒருவர் விழப்போனார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள்கூட.

"தேர் சாயறது நல்லதுக்கில்லையே" என்று விருந்தினர் மெதுவாகச் சொன்னார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேறியிருப்பேன். செருப்பைப் போட்டுக்கொண்டு ஓவியப் போட்டி இருந்த பக்கம் போனார். தாளாளர் என்னைப் பார்க்காமலேயே அவர் பின்னால் போனார்.

கம்பளத்தில் உட்கார்ந்து நான் பொறுக்க ஆரம்பித்தபோது ஏழுமலையும் வந்து உட்கார்ந்தார். சிதறியதற்குள் வார்மைத் தேடி எடுத்துக் காட்டினேன்.

"இதுதானா சார்?"

"இதுதாங்க."

"இத்தூண்டு!" விரலில் உருட்டிப் பார்த்தார். "எங்க தேரும் நின்னுக்கும் சார். திருவூடல் தெரு திரும்பறப்போ ஜாஸ்தி. நின்னா இழுக்க வுட மாட்டோம். வடத்தைக் கீழ போடுங்கன்னுட்டு, குனிஞ்சு பாப்போம்."

"அத்தனை கூட்டம் கேக்குமா?"

"கேக்காம? சக்கரத்துக்கிட்ட நிக்கறவன் சொன்னா கேட்டுத்தான ஆவணும்."

5. அதன் பிறகு

கோடை விடுமுறையில் லேபைக் காலி செய்தார்கள். கட்டைகளை அரிசிப் பைகளில் கொட்டி மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். நிறம்வாரியாகப் பிரிக்கட்டுமா என்று கேட்டேன், எதற்கு என்றார்கள். சரியான கேள்வி. என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அதே அறையில் இப்போது தினமும் மாதிரித் தேர்வு நடக்கிறது. நான் மேற்பார்வையாளன். மூன்று மணி நேரம் யாரும் பேசக்கூடாது, எதையும் தொடக்கூடாது. "கட்டை போனா போவுது, வேலை இருக்குதில்ல" என்கிறாள் என் மனைவி. இருக்கிறது.

இந்த வேலைக்கு வருகிற இளைஞர்களுக்கு என்னிடம் இரண்டு பாடங்கள் உண்டு. மாதிரியில் எதை மாற்றினாலும், எவ்வளவு அவசரமானாலும், சக்கரத்தை ஒருமுறை கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கையெடுக்க வேண்டும். இது சுலபம், யாரும் கற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவது, சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்பவன் நீங்கள் என்றால் நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் உங்களுடையதுதான். யாரும் அதைக் கொடுக்க மாட்டார்கள், நீங்களாக எடுத்துக்கொள்ள வேண்டும். இதை எழுதும்போது எனக்கே நம்பிக்கையாக இருக்கிறது.

போன வாரம் தாளாளர் வராந்தாவில் நிறுத்தினார். "ஞாயித்துக்கிழமையும் டெஸ்ட் வெக்கலாம்னு இருக்கோம் சார். வந்துடுவீங்கல்ல?"

"வந்துடறேன் சார்" என்றேன்.