கதாநாயகன் பிழைத்த புத்தகம்

சினிமாவை நாவலாக எழுதிக் கொடுப்பது மரியாதையான வேலை இல்லை என்று என் எழுத்தாள நண்பர்கள் நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். படத்தோடு புத்தகமும் கடைக்கு வர வேண்டும் என்பதற்காக, படப்பிடிப்பு முடியும் முன்பே பதிப்பகம் எனக்குத் திரைக்கதையை அனுப்பிவிட்டது. விண்வெளிக் கதை. கணவனும் மனைவியும் ஒரே கலத்தில் போகிறார்கள். பழுது பார்க்க வெளியே இறங்கும் கணவன் இருட்டில் தொலைந்துபோகிறான். கடைசிக் காட்சியில் மனைவி அவனைக் கண்டுபிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறாள். அவன் கண் திறக்கிறான். கதையை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன்.

யாரிடமும் என்பதில் அக்காவை நான் சேர்க்கவில்லை. காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறியில் அவள் கணவர், என் மாமா, அதன் குழியில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்வார். அக்கா பக்கத்தில் இருந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாவைக் குறுக்கே ஓட்டிக் கொடுப்பாள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் அந்தப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். மாமா இறந்த பிறகு அக்கா அவர் இடத்துக்கு நகர்ந்தாள். அவள் இடத்துக்கு நான் வந்தேன். பகலில் தறி, மாலையில் எழுத்து. அன்றைக்கு எழுதப்போவதைத் தறியிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். எழுந்து போக முடியாத வாசகி எல்லா எழுத்தாளனுக்கும் கிடைப்பதில்லை.

கணவன் தொலைந்த இடத்தில் அக்கா கேட்டாள். "அந்த ஆளு திரும்பி வருவானாபா?"

"வருவான்கா."

"நெஜமாவா?"

"அப்படித்தான் எழுதி அனுப்பியிருக்காங்க."

அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் எழுதிக் கொடுத்து, புத்தகம் அச்சுக்குப் போன பிறகும், அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். சலிப்பாகத்தான் இருந்தது. சொன்னேன்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அக்கா பக்கத்து வீட்டில் சொல்ல, படம் வருவதற்குள் எங்கள் தெரு முழுக்கக் கதை தெரிந்துவிட்டது. அமாவாசையன்று தறி ஓடாது. படம் வந்த பிறகு வந்த முதல் அமாவாசைக்குத் தெருவே திரண்டு காலைக் காட்சிக்குக் கிளம்பியது. மாமா போனதிலிருந்து கோயிலைத் தவிர வேறெங்கும் போகாத அக்காவும் புறப்பட்டாள். நான் அதுவரை படத்தைப் பார்த்திருக்கவில்லை. நாவலே எழுதியவனுக்குத் தெரியாதது அதில் என்ன இருக்கப்போகிறது என்கிற மிதப்பு.

படத்தில் அவன் செத்துப்போனான். மனைவி உள்ளே இழுத்து வந்தாள். அவன் அவள் மடியில் தலைவைத்து மனித குலத்தைப் பற்றி நீளமாகப் பேசினான். வயலின்கள் அழுதன. கண்ணை மூடினான். கடைசி நேரத்தில் முடிவை மாற்றியிருக்கிறார்கள். எனக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

பெயர்கள் ஓடத் தொடங்கியதும் மற்றவர்கள் கிளம்பினார்கள். எங்கள் தெரு மட்டும் அசையவில்லை. "எங்கமா போறீங்க? உக்காருங்க, இன்னும் இருக்குது. இப்ப கண்ணத் தொறப்பான் பாருங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் முன்வரிசையில் எழுந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். விளக்குகளைப் போட்டார்கள். துடைப்பத்தோடு ஆள் வந்தார். ஒவ்வொருவராக என்னை முறைத்துவிட்டு வெளியேறினார்கள். அக்கா மட்டும் வெறும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. அவளைக் கூப்பிட்டு எழுப்ப அதைவிடப் பயமாக இருந்தது.

படத்தில் செத்தவன் புத்தகத்தில் எப்படிப் பிழைத்தான் என்று வாசகர்கள் கேலி செய்தார்கள். அடுத்த பதிப்புக்கு முடிவை மாற்றித் தரும்படி பதிப்பகம் கேட்டது. அக்காவிடம் சொல்லாமலே மாற்றியிருக்கலாம். ஆனால் அந்தப் புத்தகத்தை அவள் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள். அதனால் தறியில் வைத்துச் சொன்னேன்.

"உன் புக்குலயாவது அவன் இருக்கட்டுமேபா."

"முடியாதுக்கா. கதை அவங்களோடது."

நாடா நாலைந்து முறை போய் வந்தது. பிறகு அவள் கையை நிறுத்தினாள்.

"சரி, சாகட்டும். ஆனா அவ்ளோ பேச்செல்லாம் பேச மாட்டாங்கபா. உங்க மாமா ஒண்ணுமே பேசல. தண்ணி கேட்டாரு. ஆபரேஷன் இருக்குது, ஒரு சொட்டு கூட குடுக்கக் கூடாதுன்னு நர்சம்மா சொல்லியிருந்தாங்க. பாட்டிலக் கையில வெச்சிக்கினு அப்படியே நின்னுக்கினு இருந்தேன். ஆபரேஷன் பண்றதுக்குள்ளயே போயிட்டாரு."

மாமா தண்ணீர் கேட்டது எனக்கு அதுவரை தெரியாது.

"அந்தப் பொண்ணையாவது குடுக்கச் சொல்லு" என்றாள்.

அன்று மாலையே எழுதினேன். மனித குலத்தைப் பற்றிய பேச்சு மொத்தத்தையும் எடுத்துவிட்டேன். அவன் தண்ணீர் கேட்கிறான், அவள் கொடுக்கிறாள், அவன் குடித்துவிட்டுக் கண்ணை மூடுகிறான். படத்தில் இல்லாத காட்சி. பதிப்பகம் என்ன சொல்லும் என்று யோசிக்கவில்லை. மறுநாள் தறியில் அக்காவுக்குச் சொன்னேன்.

"எவ்ளோ குடிச்சான்?"

"அதெல்லாம் எழுதலக்கா."

"எழுதுபா. போதும்னு அவனே சொல்ற வரைக்கும் அவ குடுத்தாள்னு எழுது."