அம்மன் வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளை

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக் கடையில் வருஷக்கணக்காக நின்று புடவை விரித்துப் போட்டவளுக்கு மனித இனத்தின் மேல் பெரிய மரியாதை மிச்சம் இருக்காது. எனக்கு இல்லை.

கல்யாணப் புடவை எடுக்க ஒரு வேன் நிறைய ஆட்கள் வருவார்கள். நடுவில் மணப்பெண் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பெரியம்மாவுக்கு அரக்கு நிறம் வேண்டும், வருங்கால நாத்தனாருக்கு அரக்கு ஆகாது. சிங்கப்பூரிலிருந்து ஒரு சித்தி வீடியோவில் வந்து, பார்டர் இன்னும் பெரிதாக இல்லையா என்று கேட்பார். கடைசியில் யாருக்கும் பிடிக்காத, ஆனால் யாரும் எதிர்த்துப் பேசாத ஒரு புடவை ஜெயிக்கும். கல்யாணம் முடிந்து போட்டோ வந்தபிறகு, "இத யாரு எடுத்தது?" என்று கேள்வி எழுந்தால் வேனில் வந்தவர்கள் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். சில பேர் நேராகக் கடைக்கு வந்து என்னிடம் கேட்பார்கள்: "நீதானம்மா நல்லா இருக்கும்னு சொன்ன?"

எங்கள் வீடும் அந்த வேன் மாதிரிதான். பிள்ளையார்பாளையத்தில் அப்பா தறி நெய்கிறார், அம்மா மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார். ஆனால் அந்த வீட்டில் எந்த மனிதரும் எந்த முடிவையும் எடுத்ததாகச் சரித்திரம் கிடையாது. பல்லி எடுக்கும், ஜோசியர் எடுப்பார், பெரிய விஷயமென்றால் தெருமுனை அம்மன் எடுப்பாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து, பூசாரி குலுக்கிப் போடுவார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. என் அக்காவின் கல்யாணம் வெள்ளைப் பூவில் நடந்தது. எங்கள் வீட்டுக் கழிவறையை எந்தப் பக்கம் கட்டுவது என்பதுகூட பூ கேட்டுத்தான் முடிவானது. அம்மனுக்கு அந்தக் கேள்வி பிடித்ததா என்று தெரியாது, பதில் சொன்னாள்.

நான் கட்டிக்கொண்டவர் கடைக்கு ஏசி பழுதுபார்க்க வந்தவர். ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டி, முகூர்த்தப் புடவை அடுக்கு நனைந்துவிடும் என்று எல்லோரும் கத்திக்கொண்டிருந்த மதியம் அது. ஏணிமேல் ஏறிச் சரிபண்ணிவிட்டு, கீழே நின்ற என்னைப் பார்த்துக் கேட்டார்: "காத்து எந்தப் பக்கம் வரணும்? நீங்க சொல்ற பக்கம் திருப்பி வெக்கிறேன்."

என் வாழ்க்கையில் ஒரு ஆண் என் விருப்பத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் விழுந்துவிட்டேன். இந்த மனிதர் எல்லோரிடமும் எல்லாவற்றையும் இப்படித்தான் கேட்பார் என்பது தெரியவர நாளானது.

அவரும் எங்கள் ஆட்கள்தான் என்று தெரிந்ததும் வீட்டில் பாதிச் சண்டை குறைந்தது. மிச்சப் பாதியை அம்மனிடம் கொண்டுபோனார்கள். அம்மா பொட்டலத்தைப் பிரித்தார். சிவப்பு அரளி.

"அம்மன் வேணான்னுட்டா," என்றார் அம்மா. குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது.

"அம்மனுக்கு வேணான்னா அம்மன் கட்டிக்க வேணாம்," என்றேன். "நான் கட்டிக்கிறேன்."

பூசாரிக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாற்றிக்கொண்டார். அம்மா என் கையைப் பிடித்துக் கோவிலுக்கு வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். வீட்டில் அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "என்னை எதுவும் கேக்காதீங்கபா," என்று தறிக்குழியில் இறங்கிக்கொண்டார். அவருக்கு அது ரொம்ப வசதியான குழி.

"இதோ பாருடி," என்றார் அம்மா. "சாமி பேச்ச மீறிக்கினு போற. நாளைக்கு இன்னா ஆனாலும் எங்களாண்ட வந்து அழக்கூடாது."

"வர மாட்டேன்."

கல்யாணம் நடந்தது. ஐயம்பேட்டையில் வாடகை வீடு எடுத்தோம். நான் ஷேர் ஆட்டோவில் கடைக்கு வந்துபோனேன்.

அப்போதுதான் நான் எவ்வளவு பெரிய நஷ்டத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்பது புரிந்தது. என் அக்கா வாலாஜாபேட்டையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவுக்குப் போன் செய்து புருஷனைத் திட்டுவாள். "நீங்கதானே பூ பாத்துத் தலைல கட்டி வெச்சீங்க!" என்று அவள் ஆரம்பித்தால் கேட்கவே ருசியாக இருக்கும். அம்மா சமாதானம் சொல்வார், அப்பா போனை வாங்கி மன்னிப்புக் கேட்பார். ஒரு மணி நேரம் திட்டி முடித்துவிட்டு, அக்கா குளித்துக் கிளம்பிப் புருஷனோடு சினிமாவுக்குப் போவாள். எனக்கு அந்த வசதி கிடையாது. என் புருஷன் நானே எடுத்த புடவை. சாயம் போனாலும் வெளியே சொல்ல முடியாது.

"மாப்ள எப்டி இருக்காரு?" என்று அம்மா கேட்பார். கேட்கும்போதே காதைத் தீட்டிக்கொள்வது தெரியும்.

"சூப்பரா இருக்காரு," என்பேன்.

சூப்பராகத்தான் இருந்தார். குடி கிடையாது, கோபம் கிடையாது. கட்டிலுக்கு அடியில் செத்துப்போன கம்ப்ரசர்களைச் சேர்த்துவைப்பார், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அவருக்குச் சொந்தமாக ஒரு முடிவு எடுக்கத் தெரியவில்லை. எந்தச் சட்டை போடுவது என்று என்னைக் கேட்பார். முடிதிருத்தும் கடையிலிருந்து போன் செய்து, மீசையைக் குறைக்கலாமா என்று கேட்பார். குறைக்கச் சொல்லி, கண்ணாடியில் முகம் சரியில்லை என்றால், "நீதானே சொன்ன," என்பார். கோபமாக அல்ல, ரொம்பச் சாதுவாக. பெரிய கடைக்கு வந்து புடவையைத் திருப்பிக் கொடுக்கும் வாடிக்கையாளர் மாதிரி.

இப்படி இருக்கும்போது துபாயிலிருந்து அவருடைய நண்பர் ஒரு வேலைக்குச் சொல்லி அனுப்பினார். ஏசி மெக்கானிக் வேலை, தங்க இடம் அவர்களே தருவார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.

"நீ சொல்லும்மா," என்றார். "போன்னா போறேன். வேணான்னா இருக்கேன்."

"உனக்குப் போகணுமா?"

"உனக்கு எது இஷ்டமோ அது."

நான் சாம்பார்க் கரண்டியைக் கீழே வைத்தேன். "எனக்கு நீ இங்க இருந்தா புடிக்கும். அத சொல்லிட்டேன். ஆனா போறதா வேணாமான்னு நான் சொல்ல மாட்டேன். அங்க வெயில்ல நிக்கப்போறது நீ. நீ முடிவு பண்ணு. எதுன்னாலும் அப்புறமா சண்ட போட்டுக்கலாம்."

அவர் முகம் வாடிப்போனது. மூன்று நாள் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தார். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டார், பால்காரரைக் கேட்டார். பால்காரர் போகச் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். சமமாகப் போய்விட்டதால் மறுபடி என்னிடம் வந்தார். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன், நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் கடையிலிருந்து திரும்பியபோது அவர் நெற்றி நிறையக் குங்குமத்தோடு வாசலில் நின்றார். சமீபத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்ததில்லை.

"வெள்ள!" என்றார்.

"இன்னா வெள்ள?"

"அத்தை கூட கோயிலுக்குப் போயி பூ கேட்டுட்டு வந்தேன். அம்மன் போகச் சொல்லிட்டா."

"அம்மன் இன்னா டிராவல் ஏஜென்ட்டா?" என்று கத்தினேன். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்தார்.

எந்த அம்மன் இவரைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்றாளோ, அவளிடமே போய் என்னைவிட்டுப் போக அனுமதி வாங்கி வந்திருக்கிறார். கூட என் அம்மா. நான் ஒரு பையில் நாலு துணியை அடைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனதில் தாடை வலித்தது.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என் கையில் பையைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் சாகும்வரை மன்னிக்கமாட்டேன். "வா வா," என்று கீரையைத் தள்ளிவைத்தார்.

அப்புறம் நான் நிறுத்தவேயில்லை. மீசை, சட்டை, கட்டிலுக்கடியில் கம்ப்ரசர், வாடிக்கையாளரிடமெல்லாம் இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருப்பது, அவர்கள் எனக்குப் போன் செய்து திட்டுவது, பால்காரரிடம் கேட்டது, எல்லாவற்றையும் கொட்டினேன். சேர்த்துவைத்தது ஏராளம் இருந்தது. அம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

"அடிப்பாவி, இத்தினி நாளா ஒண்ணுமே சொல்லலியே?"

"சொல்லக்கூடாதுன்னு நீதானே சொன்ன!"

"நான் சொன்னா? நான் சொன்னதுல வேற எத நீ கேட்ட?"

உள்ளே தறிச் சத்தம் நின்றிருந்தது. அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

"ஆனா ஒண்ணு," என்றார் அம்மா. "நீதானே கட்டிக்கின?"

"ஆமா. நான்தான் கட்டிக்கினேன். இப்பவும் நான்தான் கட்டிக்கினேன்னு சொல்லுவேன். அதுக்காகத் திட்டக்கூடாதா? நான் எடுத்த முடிவு, நான் திட்டறேன். உங்க யாரையும் திட்டல இல்ல?"

அம்மா யோசித்தார். "அதுக்குத்தாண்டி நாங்க சாமிய கேக்கறது," என்றார். "உங்கப்பாவும் நானும் ஒருத்தர ஒருத்தர் திட்டிக்கினு இருந்தா என்னிக்கோ பிரிஞ்சிருப்போம். எது கெட்டுப்போனாலும் அம்மன் சொன்னான்னு வுட்டுட்டு சோறு துன்னுட்டுத் தூங்கிடுவோம். அவளுக்கென்ன, கல்லு. தாங்கிக்குவா."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. இவ்வளவு காலமாக அம்மாவுக்குப் பக்தி அதிகம் என்று நினைத்திருந்தேன். பக்தியைவிட இது கெட்டிக்காரத்தனம். வாக்குவாதத்தில் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது, ஆனாலும் விடவில்லை. "அப்போ அக்கா ஏன் வாராவாரம் உன்னத் திட்டறா? அம்மனத் திட்டட்டுமே?"

"அம்மன்கிட்ட போன் இல்லியே," என்றார் உள்ளேயிருந்து அப்பா.

நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் வாசலில் வண்டி வந்து நின்றது. என் புருஷன் இறங்கினார். குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்குவரை இறங்கியிருந்தது, பார்க்கக் கொலை நடந்த மாதிரி இருந்தது.

"நான் போகல," என்றார்.

"இன்னா மாப்ள இது? வெள்ளப்பூ வந்துதே!" என்றார் அம்மா.

"வந்துது அத்தை. எனக்குதான் போகப் புடிக்கல. அவனுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன்." சொல்லிவிட்டுச் சுவரில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன்?" என்று கேட்டேன்.

"அங்க ஊரு பூரா ஏசி. ஒரு வீடு பாக்கி இல்லயாம். யோசிச்சுப் பாத்தேன், அத்தினியும் ரிப்பேர் பண்ணணும்னா மூச்சு வுடக்கூட நேரம் இருக்காது."

உன்னைவிட்டு இருக்கமுடியாது என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நிமிஷம், சேர்க்காதது நல்லது என்றும் பட்டது. சேர்த்திருந்தால் துபாய்க்குப் போகாத பழி நாளைக்கு என் தலையில் விழும். இது அவருடைய சோம்பேறித்தனம், அவருடைய காரணம், அவருடைய முடிவு. முழுசாக அவருடையது.

"மொதல்ல மூஞ்சி கழுவுங்க," என்றேன். அம்மா முன்னால் அவரை நீங்க என்றுதான் சொல்வேன்.

அம்மா மறுபடி கீரையை எடுத்தார். மாப்பிள்ளைக்கும் சேர்த்து உலை வைக்கவேண்டுமே. அம்மன் பேச்சை மீறிய இரண்டாவது ஆள் என்று அவரை முறைத்துக்கொண்டேதான் பரிமாறினார், ஆனால் நெய்யை இரண்டு தடவை ஊற்றினார்.

அதற்குப்பிறகு அவர் முழுசாக மாறிவிட்டார் என்று சொன்னால் பொய். மீசை விஷயத்தில் இன்னும் போன் வருகிறது. நானும் மாறவில்லை என்று சொல்லமுடியாது. இப்போது ஞாயிற்றுக்கிழமை அக்கா பேசி முடித்ததும் அம்மாவுக்கு நான் போன் செய்கிறேன். என் புருஷனை மனசாரத் திட்டுகிறேன். யார்மேலும் பழி போடாமல் திட்டுவதால் நேரம் கொஞ்சம் குறைவாகத்தான் ஆகிறது. அம்மாவுக்கு அது ஏமாற்றம்.

போன மாதம் துபாய் நண்பர் வீடியோவில் வந்தார். பளபளவென்று ஒரு பெரிய கடைத்தெரு, நடுவில் செயற்கை அருவி, குளிருக்கு மேல்சட்டை போட்டுக்கொண்டு நடக்கும் ஜனங்கள். என் புருஷன் வாயைப் பிளந்து பார்த்தார். இங்கே அன்றைக்கு மின்சாரம் இல்லை, இரண்டு பேருக்கும் கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. பேசி முடித்துப் போனை வைத்ததும் என் பக்கம் திரும்பி, "நீதானே..." என்று ஆரம்பித்தார்.

நான் பார்த்தேன்.

வாயை மூடிக்கொண்டார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார்.