கேட்டுக்கு முன்னால் விழுங்கிய ஆஸ்பிரின்

பாரோய் கிளினிக்கில் டாக்டர் எனக்கு இரண்டு மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார். கொழுப்பைக் குறைக்க ஒன்று, இதயத்துக்காக ஆஸ்பிரின் ஒன்று.

"ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடலாம் அங்கிள். ஆஸ்பிரின் மட்டும் பசியாறிட்டுப் போடுங்க. கை கால் சதை வலிச்சா என்கிட்ட சொல்லுங்க, கடையில வலி மாத்திரை வாங்கிப் போட்றாதீங்க. வெளிக்குக் கறுப்பாப் போனா அன்னிக்கே வந்திடணும்."

தலையசைத்தேன். அந்தக் கடைசி அடையாளத்தை ஒரு பெண் என்னிடமே வந்து சொல்லியிருக்கிறாள்.

ஐம்பதுகளில், மலாயாவின் அவசரகாலத்தில், கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் நான் டிரெசர். டாக்டர் மாதம் ஒருமுறை வருவார்; மற்ற நாட்களில் மருந்து கொடுப்பவன் நான்தான். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடக் கூடாதென்று சோற்றையும் மருந்தையும் முள்கம்பி வேலிக்கு வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். மாத்திரையை என் கண்ணெதிரே விழுங்க வேண்டும் என்பது உத்தரவு. அதை விடியற்காலைப் பெரட்டில், வேலைக்குப் போகுமுன் பேர் கூப்பிடும்போது, வேலிக் கேட்டுக்கு முன்னால் என்று வைத்தவன் நான். ஆட்கள் அங்கே எப்படியும் வரிசையில் நிற்பார்கள். எனக்குச் சுலபம்.

மூட்டுவலிக்காகப் பால்மரம் வெட்டும் பெண்ணொருத்தி தினமும் அங்கே ஆஸ்பிரின் விழுங்கினாள். முன்பெல்லாம் மரம் வெட்டும் இடத்துக்குத் தன் சோற்றைக் கொண்டுபோவாள். இப்போது மத்தியானம் திரும்பி வந்தால்தான் சாப்பாடு.

"கஞ்சி குடிச்சிட்டு மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வந்து முழுங்கறேங்கய்யா. வயிறு எரியுது."

"உனக்குன்னு தனி நேரமா? வாயத் தொற."

"நல்லாத் தொறக்கா," என்றான் பின்னால் நின்றவன். "நாக்குக்கு அடியில காட்டுக்காரனுக்கு எடுத்து வச்சிருக்கியான்னு ஐயா பாக்கணும்லா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சில வாரம் கழித்து அவள் ஆஸ்பத்திரிக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "வெளிக்குத் தார் மாதிரி போகுதுங்கய்யா" என்றாள். அது வயிற்றில் கசியும் ரத்தமாக இருக்கலாம் என்று படித்திருந்தேன். ஆனால் சோகைக்கு இரும்பு மருந்தும் கொடுத்திருந்தேன். அதற்கும் கறுப்பாகத்தான் போகும். "இரும்பு மருந்து, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் பெரட்டில் அவளுக்கு மறுபடியும் ஆஸ்பிரின் கொடுத்தேன்.

நாலாம் நாள் மரத்தடியில் ரத்த வாந்தி எடுத்து விழுந்தாள். லாரியில் சிரம்பான் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே மூன்றாம் நாள் இறந்தாள். பதிவேட்டில் வயிற்றுப்புண் என்று எழுதினேன். ஆஸ்பிரினை எழுதவில்லை. அந்த வாரமே மாத்திரை நேரத்தை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாற்றினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

காரியம் முடிந்ததும் அவள் கணவன் ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

"நீங்க லாரி பிடிச்சு அனுப்பலன்னா அந்த மூணு நாள்கூட இருந்திருக்க மாட்டாங்கய்யா."

நான் அவனை உட்காரச் சொன்னேன். மேசையில் விரிந்திருந்த பதிவேட்டை மூடி வைத்தேன்.