அமைச்சர்மாரின் படம் ஒட்டிய கொப்பி

கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் தட்டெழுத்தாளராக இருந்தேன். வீடு கொட்டாஞ்சேனையில்; அண்ணாவும் தங்கச்சி நானும்தான். பத்திரிகையில் வரும் பெரிய மனிதர்களின் படத்தை வெட்டி ஒரு கொப்பியில் ஒட்டி, கீழே நாலு வரி எழுதுவது என் பழக்கம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தால் கந்தோரே சிரிக்கும். ஓர் அமைச்சரைப் பற்றி இப்படி எழுதியிருந்தேன்:

கட்சி நாலு மாறினார் ஐயா,
கதிரை மட்டும் மாறவே இல்லை;
பட்சி போலப் பறந்து திரிந்தும்
பழைய கிளையை விட்டதே இல்லை.

நகரத்தில் குண்டு வெடித்த கிழமை, விடியற்காலையில் பொலிஸார் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்து வீடு வீடாகத் தேடினார்கள். கொப்பி அகப்பட்டது. தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் படங்கள் போதுமாயிருந்தன. அமைச்சர்மாரைக் கொல்லப் போட்ட பட்டியல் என்று முடிவுகட்டி, அண்ணாவை ஜீப்பில் ஏற்றினார்கள்.

"அது என்ர கொப்பி" என்று சிங்களத்தில் கத்தினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பொலிஸ் நிலையத்துக்கு ஓடினேன். தமிழ் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் கொப்பியை வாசித்து இன்ஸ்பெக்டருக்குச் சொல்லியிருந்தார். பட்டியல் இல்லை, பகிடி என்று அவர்களுக்கு அதற்குள் விளங்கிவிட்டது. ஆனால் எழுதினது நான் என்றதும் இன்ஸ்பெக்டர் சிரித்தார். "பொம்பிளைகள் இப்பிடி எழுத மாட்டினமாம். அண்ணாவைக் காப்பாற்றப் பொய் சொல்லுறீங்களாம்" என்று கான்ஸ்டபிள் சொன்னார்.

எனக்கு உச்சி கொதித்தது. "ஆரையாவது சொல்லுங்கோ. இப்பவே எழுதித் தாறன்."

இன்ஸ்பெக்டர் ஒரு கிரிக்கெட் வீரரைச் சொன்னார். அந்த மேசையிலேயே எழுதினேன்:

மட்டை தூக்கி ஆடப் போவார்,
மனிசி தேத்தண்ணி ஊத்தி வைப்பா;
கட்டை மூன்றும் விழுந்த கையோடு
சூடு ஆற முன்னம் வந்து குடிப்பார்.

கான்ஸ்டபிள் வாய்விட்டுச் சிரித்து, சிங்களத்தில் சொன்னார். இன்ஸ்பெக்டரும் சிரித்தார். சிரித்தவர் மன்னிப்புக் கேட்கவில்லை. பின்னேரம் அண்ணாவை விட்டார்கள், கன்னம் வீங்கியிருந்தது. கொப்பியைத் தரவேயில்லை.

இவ்வளவும் அந்நியர் செய்தது. அதன் பிறகு சொந்தக்காரர் வந்தார்கள், அண்ணாவைப் பார்க்க. "அமைச்சர்மாரையே நக்கலடிச்சிருக்கிறான்!" என்று மாமா அவர் முதுகில் தட்டினார். அண்ணா மறுக்காமல் புன்னகைத்தார்.

"எழுதினது நான்" என்றேன்.

"அண்ணாவை விட்டுக்குடுக்காத பிள்ளை" என்று மாமி என் தலையைத் தடவினா.

அவர்கள் போன பிறகு அண்ணாவுடன் சண்டை பிடித்தேன். "ஏன் வாயைத் திறக்கேல்லை?"

"அடி வாங்கினது நானெல்லோ" என்றார்.

அது உண்மைதான். ஆனாலும் அந்தக் கோபம் ஆறவில்லை. அடுத்த நாளே பம்பலப்பிட்டியில் புதுக் கொப்பி ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் என் பெயரைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் எழுதினேன்.